கடை மூடாமல் இடம் மாறுதல்

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே உள்ள பெரிய மார்க்கெட்டை அறியாதார் இலர். முன்னாள் முதலமைச்சர் எதுவார் குபேர் பெயரால் 'குபேர் அங்காடி' என்று ஏட்டில் எழுதினாலும் ஊர்வாயில் அது பெரிய மார்க்கெட்டே. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் அதை இடித்துப் புதிதாகக் கட்டும் யோசனை எழுந்தபோது வியாபாரிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுடைய கவலை விளங்காததன்று. காலையில் வாங்கிய பூ மாலைக்குள் விற்றாக வேண்டும். கடையை வேறிடம் கொண்டுபோகும் நாளில் பிழைப்பு என்னாவது?

இதே வினா கணிப்பொறிக் கூடங்களிலும் எழுகிறது. அங்கே அதற்கு விடை கண்டிருக்கிறார்கள். அவ்விடையைக் கணிப்பொறியியல் பயிலும் மாணவ நண்பர்களுக்கு இயன்றவரை எளிமையாக எடுத்துரைக்க முயல்கிறேன்.

ஒரு பெரிய சர்வருக்குள் மென்பொருளின் துணையால் பல கணிப்பொறிகளை உருவாக்கி ஓடவிடலாம். இவற்றை மெய்நிகர் கணிப்பொறிகள் என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஹார்ட் டிஸ்க் உண்டு; ஆனால் அது உண்மையில் ஒரு பெரிய கோப்புதான். இக்கோப்புகள் யாவும், பல வட்டுகளை ஒன்றாகக் கட்டிய ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். அப்பெட்டிக்கும் வயதாகிறது. சில ஆண்டுகளுக்குப் பின் தயாரிப்பாளர் உதிரிபாகம் தருவதை நிறுத்திவிடுவார். பழுதான வட்டுக்கு மாற்று கிடைக்காத நிலை வருமுன் உள்ளேயிருப்பதைப் புதிய பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். உள்ளேயிருப்பது மருத்துவமனையின் நோயாளர் பதிவேடாக இருக்கலாம். மாணவர்களின் மதிப்பெண்ணாகவும் இருக்கலாம்.

எளிய வழி, கணிப்பொறியை நிறுத்திவிட்டுக் கோப்பை நகலெடுப்பது. எவ்வளவு நேரம் நிறுத்துவது? கணக்கிட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 1 ஜிகாபிட் செல்லும் இணைப்பில் 10 டெராபைட்டை நகர்த்த 80,000 விநாடிகள், அதாவது 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 ஜிகாபிட் இணைப்பானால் சுமார் 2 மணி 13 நிமிடம். இது காகிதக் கணக்கு. நடைமுறையில் இன்னும் கூடும். மருத்துவமனைப் பதிவேட்டை ஒரு பகலும் இரவும் மூடிவைக்க யார் ஒப்புவார்?

ஆகவே ஓடும்போதே மாற்ற வேண்டும். இதை வகுப்பில் விளக்க, பெரிய மார்க்கெட்டின் மளிகை மண்டி ஒன்றின் பேரேட்டையே நான் உவமையாகக் கொள்வது வழக்கம். கணக்குப்பிள்ளை பழைய பேரேட்டைப் பார்த்துப் புதிய பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். முதலாளியோ வியாபாரத்தை நிறுத்தவில்லை. பழைய பேரேட்டில் வரவும் பற்றும் பதிந்துகொண்டே இருக்கிறார். கணக்குப்பிள்ளை 50ஆம் பக்கத்தில் இருக்கையில் முதலாளி 12ஆம் பக்கத்தில் ஒரு பற்றைத் திருத்தினால், புதிய பேரேடு பொய்யாகிவிடும். நகலெடுப்பது கடினமன்று, நகலெடுக்கும்போது மாறுவதைப் பிடிப்பதே கடினம்.

விஎம்வேர் நிறுவனம் 'ஸ்டோரேஜ் விமோஷன்' என்ற பெயரில் 2007இல் இதற்கு ஒரு வழி தந்தது. பழைய பேரேட்டை அப்படியே மூடி, புதுப் பதிவுகளை மட்டும் தனிக் குறிப்பேட்டில் எழுதச் செய்து, பின்னர் இரண்டையும் சேர்ப்பது அவ்வழி. 2009இல் வந்த விஸ்பியர் 4 மாறிய பக்கங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அப்பக்கங்களை மட்டும் சுற்றுச்சுற்றாக மீண்டும் நகலெடுத்தது. நல்ல யோசனைதான். ஆனால் கணக்குப்பிள்ளையின் கையைவிட முதலாளியின் கை வேகமாக ஓடினால் சுற்றுகள் முடியவே முடியா.

2011இல் வந்த விஸ்பியர் 5இன் முறையே எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஒரே சுற்றுதான். ஏற்கெனவே நகலெடுத்த பக்கத்தில் முதலாளி எழுதினால் அப்பதிவு இரு பேரேட்டிலும் ஒருங்கே விழும். இனிமேல் நகலெடுக்க வேண்டிய பக்கமானால் பழையதில் மட்டும் எழுதினால் போதும். கணக்குப்பிள்ளை பிறகு எப்படியும் அங்கே வருவார். அவர் அப்போது எழுதிக்கொண்டிருக்கும் பகுதியானால் முதலாளி கணநேரம் காத்திருக்க வேண்டும். கடைசிப் பக்கம் முடிந்ததும் இரு பேரேடுகளும் ஒன்றாகிவிடும். கணிப்பொறியைப் புதியதன்பால் திருப்பிவிடலாம். லினக்ஸில் இயங்கும் கேவிஎம் முறையிலும் இவ்வாறே வட்டைப் பிரதிபலித்து, இறுதியில் புதிய பிரதிக்குத் தாவும் வசதி உண்டு.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பிரதிபலிப்பு காப்புநகல் ஆகாது. பழையதில் உள்ள பிழையும் பிசகாமல் புதியதற்கு வந்து சேரும். ஆதலால் காப்புநகல் எடுத்து, அதை மீட்டுப் பார்த்த பிறகே இப்பணியைத் தொடங்க வேண்டும். எல்லாக் கணிப்பொறிகளையும் ஒரே வேளையில் நகர்த்துவதும் கூடாது. வேலைப்பளு மிகுந்த பழைய பெட்டியில் வாசிப்பும் எழுத்தும் மோதி, எல்லாமே தவழத் தொடங்கும். ஒன்றிரண்டாக, கூட்டம் குறைந்த வேளையில் நகர்த்துதல் நன்று.

நகர்த்தியபின் பழைய பெட்டியை அணைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. மாணவர் பலர் இதைக் கேட்டு வியப்படைவர். எல்லாம் போய்விட்டது என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்தினால், சர்வர்கள் காணாமற்போன வட்டைத் தேடித் தவிக்கும். சில வேளை நிர்வாகக் கட்டளைகளுக்கும் மறுமொழி சொல்லாமல் திணறும். 2012இல் வந்த விஸ்பியர் 5.1 முதல் 140 விநாடி தேடிவிட்டு நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. எனினும் முறையாக விடைபெறுவதே சரி. முதலில் சர்வர்களில் அச்சேமிப்பிடத்தைக் கழற்ற வேண்டும். அடுத்துச் சாதன இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதன்பிறகே பெட்டியின் பக்கம் வழியை அடைக்க வேண்டும்.

அதற்கு முன் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிடுங்கள். அணைத்துவைத்த கணிப்பொறிகள், வார்ப்புருக்கள், நிறுவல் வட்டுகளின் கோப்புகள், சர்வரின் பதிவுக்குறிப்புகள் ஆகியவை ஓசையின்றிப் பழைய பெட்டியில் தங்கியிருக்கும். ஓடுவனவற்றை மட்டும் எண்ணுபவர் கண்ணில் இவை படா. நான் தாளில் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவேன்.

நகர்த்திய தரவு பழைய வட்டுகளிலும் இருந்துகொண்டேதான் இருக்கும். ஓரிரு வாரம் புதிய பெட்டி ஒழுங்காக ஓடுவதைக் கண்டபின், விற்பதற்கோ கழிப்பதற்கோ முன் அவற்றை முழுமையாக அழிக்க வேண்டும். காந்த வட்டுகளை மேலெழுதி அழிக்கலாம். எஸ்எஸ்டி வகை வட்டுகளில் மேலெழுதுதல் எல்லாப் பகுதியையும் எட்டாது. அவற்றுக்குத் தயாரிப்பாளர் தந்துள்ள அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். தரவு மறையாக்கத்தோடு எழுதப்பட்டிருந்தால் திறவுகோலை அழித்தாலே போதும்.