வடிவங்களைக் காக்கும் கணினி: காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பணிக்கு வரும் இளையவருக்கு ஒரு கடிதம்

குறைந்தபட்ச லினக்ஸ் என்பது தனியொரு மென்பொருள் அல்ல. வழக்கமான லினக்ஸை நிறுவும்போதே தேவையற்றதை ஏற்றாமல் விடும் முறை. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் 13-ஆம் பதிப்பின் களஞ்சியத்தில் 69,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் உள்ளன. வரைகலை மேசைச் சூழலோடு நிறுவினால் அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வட்டில் இறங்கிவிடும். அது இல்லாமல் நிறுவினால் சில நூறு போதும். ஒவ்வொரு பொதியும் யாரோ எழுதிய நிரல். அதில் பிழை இருந்தால், பிழையை அறிந்தவர் அதன் வழியே உள்ளே வரலாம். நிறுவப்படாத நிரல் வழியே எவரும் வர முடியாது.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பாஸ் லினக்ஸ்தான் பல மாணவர்களுக்கு முதல் லினக்ஸ். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் அதை டெபியன் மீதே கட்டியது. ஆகவே அதில் பழகிய கை டெபியனில் தடுமாறாது. ஆனால் அது மாணவருக்கான முழு மேசைச் சூழல். சேலைக் கடையிலோ நெசவாளர் சங்கத்திலோ இரவும் பகலும் ஓடும் கணினிக்கு அத்தனையும் வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்தில் அந்தக் கணினி எதைக் காக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் ஒரு சேலையின் கரையும் புட்டாவும் முந்தானையும் முன்பு கட்டத்தாளில் வரையப்பட்டு, அட்டையில் துளையிடப்பட்டு, ஜக்கார்டில் ஏறின. இப்போது அட்டைக்கு முந்திய வேலை கணினியில் நடக்கிறது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்திய தறிகளில் அட்டையே இல்லை, கோப்பு நேராகத் தறிக்குப் போகிறது. அட்டைக்கட்டு தொலைந்தால் ஒரு டிசைன் போகும். வட்டு கெட்டாலோ, பணம் பறிக்கும் நிரல் புகுந்து கோப்புகளைப் பூட்டினாலோ, பல ஆண்டுகளின் டிசைன்கள் ஒரே இரவில் போகும்.

டிசைன் போடும் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸில்தான் ஓடுகின்றன. டிசைனரின் இருக்கையை லினக்ஸுக்கு மாற்றச் சொல்லி வற்புறுத்துவது தவறான தொடக்கம். அவர் வேலை நின்றுவிடும். குறைந்தபட்ச லினக்ஸுக்குரிய இடம் அதற்கு அடுத்த கணினி, அதாவது கோப்புகள் சேர்ந்திருக்கும் கிடங்கு. அதற்கு விலை உயர்ந்த இயந்திரம் தேவையில்லை. மூலையில் கிடக்கும் பழைய கணினியே போதும், செயலி 64 பிட்டாக இருந்தால். 32 பிட் கணினியில் டெபியன் 13-ஐ நிறுவ முடியாது.

நிறுவலுக்கு ஒரு ஜிபிக்கும் குறைவான வலைநிறுவல் கோப்பை டெபியனின் தளத்திலிருந்தே இறக்கி, அதன் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட வேண்டும். நண்பர் தந்த பென் டிரைவிலிருந்து நிறுவுவது, பூட்டைத் தெரியாதவரிடம் வாங்கி அதே சாவியோடு பூட்டுவதற்கு ஒப்பு. ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் ரூட் கணக்கு முடக்கப்பட்டு, முதல் பயனருக்கு சுடோ எனும் நிர்வாக உரிமை கிடைக்கும். மென்பொருள் தேர்வுத் திரையில் மேசைச் சூழலின் குறியை எடுத்துவிட வேண்டும். வட்டைக் குறியாக்கம் செய்தால் கணினி திருடு போனாலும் டிசைன் பிறர் கையில் சிக்காது. ஆனால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் ஒருவர் வந்து கடவுச்சொல் தட்ட வேண்டியிருக்கும். அந்த ஒருவர் யார் என்பதை முதலாளியிடம் பேசி முடிவு செய்த பிறகே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையைப் பலர் யோசிக்காமலே நிறுவுகிறார்கள். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட கள்ளக் கதவை அம்பலப்படுத்தினார். எஸ்எஸ்ஹெச் நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமானதை அவர் கவனித்ததுதான் அதற்குக் காரணம். எஸ்எஸ்ஹெச்சுக்கு அந்தக் கருவி தேவையே இல்லை. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி-க்குச் செய்தி சொல்வதற்காகச் சில விநியோகங்கள் சேர்த்த ஒட்டு வழியே அது உள்ளே வந்தது. டெபியனின் சோதனைக் கிளைகளை எட்டிய அந்தப் பதிப்புகள் நிலையான பதிப்பைத் தொடவில்லை. ஒரு பொதியை ஏற்கும்போது அதன் உறவினர்களும் சேர்ந்தே வருகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. இதில் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: எக்ஸ்இசட் மிகச் சிறிய நிறுவலிலும் இருக்கும் கருவி. பொதிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது மட்டும் யாரையும் காத்திருக்காது. நிலையான பதிப்பில் இருந்ததும், எஸ்எஸ்ஹெச் ஓடாமல் இருந்ததுமே காத்தன. கணினி அடுத்த அறையில்தான் இருக்கிறது என்றால் விசைப்பலகையை எடுத்து வைத்து வேலை பார்க்கலாம். எஸ்எஸ்ஹெச் கட்டாயம் வேண்டுமெனில் கடவுச்சொல் நுழைவை மூடி, சாவிக் கோப்பை மட்டும் ஏற்கச் செய்ய வேண்டும். புதிய நுழைவு வேலை செய்வதைப் பார்த்த பிறகே பழைய இணைப்பை மூட வேண்டும்.

கிடங்கில் திறந்தே ஆக வேண்டிய கதவு ஒன்று உண்டு. விண்டோஸ் கணினி கோப்பைப் படிக்கவும் வைக்கவும் சம்பா வேண்டும். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல், விண்டோஸில் அணைக்கப்படாமல் கிடந்த எஸ்எம்பி1 என்ற பழைய நெறிமுறையின் வழியே தாவியது. அதற்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. அடுத்த பன்னிரண்டாம் நாள், மே 24 அன்று, சம்பாவிலேயே ஒரு பெரிய ஓட்டை வெளியானது. 2010-இல் வந்த 3.5 பதிப்பிலிருந்தே இருந்தது அது. எழுதும் உரிமை உள்ள பகிர்வில் ஒரு நிரல்கோப்பை வைத்து அதைச் சர்வரையே இயக்க வைக்க முடிந்தது. லினக்ஸ் என்ற பெயரே காவல் என்று நம்புபவர்கள் இந்த இரு தேதிகளையும் நினைவில் வைக்க வேண்டும். 2019-இல் வந்த சம்பா 4.11 முதல் எஸ்எம்பி1 இயல்பாகவே அணைந்திருக்கிறது. அதைத் திரும்ப எழுப்பக் கூடாது. பழைய பெயர்தேடல் சேவையான நெட்பயாஸையும் அணைத்துவிடலாம். பகிர்வு இருக்கும் பகுதியை, அதிலிருந்து நிரல் எதையும் இயக்க முடியாத ‘நோஎக்ஸெக்’ நிலையில் ஏற்ற வேண்டும். என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வாலில் உள்வரும் புதிய இணைப்புகள் எல்லாவற்றையும் மறுத்து, எஸ்எஸ்ஹெச் இல்லையெனில் 445 போர்ட்டை டிசைனர் கணினியின் முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும்.

பிறகு ‘எஸ்எஸ்’ கட்டளை கொடுத்துக் காத்திருக்கும் போர்ட்டுகளைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அதை யார், எதற்குப் பயன்படுத்துகிறார் என்று பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத சேவையை நிறுத்துவதோடு விடாமல் பொதியையே நீக்குவது நல்லது.

குறைக்கும் ஆர்வத்தில் சிலவற்றை வெட்டிவிடும் பழக்கமும் உண்டு. செயலியின் மைக்ரோகோடு, நிரல்களைக் கட்டுக்குள் வைக்கும் ஆப்பார்மர், நேர ஒத்திசைவு, பதிவேடுகள் ஆகியவை காவலின் உறுப்புகள். அவற்றில் கை வைக்கக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக நிறுவப்படும்படி அமைக்க வேண்டும். டெபியன் ஒரு நிலையான பதிப்பை மூன்று ஆண்டுகள் பராமரிக்கிறது. நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஐந்து. அதற்குள் அடுத்த பதிப்புக்கு மாற வேண்டிய நாளைக் கணினியின் மீதே எழுதி ஒட்டலாம். சந்தேகம் வந்தால் ஊரிலேயே காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழிலேயே படிக்கக் கணியம் இதழின் கட்டுரைகள் இருக்கின்றன.

இவ்வளவு செய்தும் ஓர் ஆபத்து மீதியிருக்கும். டிசைனரின் விண்டோஸ் கணினியில் புகுந்த நிரல், அவருக்குரிய உரிமையோடே பகிர்வுக்குள் வந்து கோப்புகளைப் பூட்டிவிடலாம். கிடங்கு அதை அவருடைய வேலையாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே நாள்தோறும் ஒரு நகல், டிசைனர் கணினியின் கைக்கு எட்டாத இன்னொரு வட்டுக்குப் போக வேண்டும். வாரம் ஒரு நகல் கழற்றி வைக்கும் வட்டில் ஏறி வேறு வீட்டில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த வட்டிலிருந்து ஏதேனும் ஒரு பழைய டிசைனை எடுத்து, டிசைனரின் மென்பொருளிலேயே திறந்து, கரையும் முந்தானையும் முழுமையாக இருக்கின்றனவா என்று அவரையே பார்க்கச் சொல்ல வேண்டும்.