யானையின் காதைப் பாருங்கள்

அப்பாச்சியின் றங்குப்பெட்டியில் ஒரு சீலைத் துண்டில் முடிந்து கிடந்தது அந்த இறைசால். கரிச்சட்டி நிறம். எங்கள் பக்கத்துப் பழைய காணி உறுதிகளில் விலை சொல்லும் இடத்தில் வருகிறதே, அதே இறைசால்தான். பெயர் ஒல்லாந்தர் வழி வந்தது. காசு 1821இல் ஆங்கிலேயர் அடித்த வெள்ளி. ஒரு பக்கம் நான்காம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் யானை. குத்துவிளக்கு மினுக்கும் பழக்கத்தில் முதலில் புளி, பிறகு திருநீறு என்று போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். பெருமையோடு யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் ஒரு பத்தரிடம் கொண்டுபோனேன். பழங்காசு பார்க்கத் தெரிந்த மனிதர்.

"தம்பி, இதை ஆர் மினுக்கினது?"

"நான்தான் ஐயா."

"தோலை உரிச்சுப் போட்டுக் கொண்டந்திருக்கிறீர்."

யன்னல் பக்கம் திரும்பி, காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சரித்துக் காட்டினார். மன்னரின் கன்னத்தில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். என் விரல் போன திசை. இருநூறு வருடம் கைமாறித் தேய்ந்த தேய்மானம் ஒரு காசுக்கு இயல்பு. அதை விலையில் கழித்துக்கொண்டு வாங்குவார்கள். மினுக்கின காசைக் கண்டால் விவரம் தெரிந்தவர் கையை எடுத்துவிடுவார். கறுப்பு, வெள்ளியின் மேல் தானாகப் படிந்த படலம். அழுக்கு என்று நினைத்தது என் பிழை.

அன்று அவர் சொல்லித் தந்ததும், பிறகு நானாகப் பட்டுத் தெரிந்ததும்தான் இங்கே.

காசில் தேய்மானம் எப்போதும் மேடான இடத்தில்தான் தொடங்கும். ஆகவே முழுக் காசையும் பார்த்து மயங்காமல் மேட்டைத் தேடுங்கள். இறைசாலில் யானையின் காது, தோள். மறுபக்கம் மன்னரின் காதுக்கு மேலுள்ள முடி, தலையில் சூடிய இலைகள். என்னுடையதில் காதின் ஓரம் தெரிகிறது, உள் மடிப்பு இல்லை. இலைகளை எண்ணலாம், இலைக்குள் நரம்பு கிடையாது. எழுத்தும் ஆண்டும் முழுசாக இருக்கின்றன. சேகரிப்பாளர் மொழியில் இது 'ஃபைன்'.

இந்தச் சொற்களில் ஒரு கள்ளம் உண்டு. 'குட்' என்றால் நல்ல காசு என்று நினைத்துவிடாதீர்கள். உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சி, உள்ளே வழுவழுப்பாகிப்போன காசுக்குத்தான் அந்தப் பெயர். 1949இல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் அமைத்த 1 முதல் 70 வரையான அளவுகோலில் 'குட்' வெறும் 4. 'ஃபைன்' 12, 'வெரி ஃபைன்' 20, 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' 40. புழக்கத்துக்கே போகாத காசு 60இலிருந்து தொடங்கும். அந்த ஏணியில் என் இறைசால் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தபோது முகம் சுருங்கியது உண்மை.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இறைசாலைவிட அதிகம் அகப்படுவது இந்திய வெள்ளி ரூபாய். காரணம் உண்டு. 1872இல் ரூபாய்க்கு நூறு சதம் என்று கணக்கு மாறியபோதும் ஆங்கிலேயர் இலங்கைக்கென்று வெள்ளியில் ஒரு ரூபாய்க் குற்றி அடிக்கவில்லை; 50 சதம்தான் பெரிசு. ரூபாய் என்றால் இந்திய ரூபாய்தான். புதிதில் 11.66 கிராம். ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாயில் மன்னரின் மேலங்கியிலும் ஒரு சின்ன யானை தொங்கும். 1911இல் அடித்ததில் தும்பிக்கை குட்டையாகி அது பன்றிபோலத் தெரிய, எதிர்ப்புக் கிளம்பி, அச்சையே மாற்றினார்கள். தரம் பார்க்கிறவருக்கும் அந்த யானைதான் முக்கியம். அது மேட்டில் இருக்கிறது. முதலில் மழுங்குவதில் அதுவும் ஒன்று. கிரீடத்திலுள்ள முத்துகளையும் சேர்த்துப் பாருங்கள்.

இங்கேதான் நான் இரண்டாவது தரம் ஏமாந்தேன். யானை மழுங்கின ஒரு ரூபாயை மலிவென்று நினைத்துக் கை மாற்றிவிட்டேன். பிறகுதான் விளங்கியது, அது தேய்ந்ததல்ல. அச்சு சரியாக விழவில்லை. வித்தியாசம் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒற்றைக் குமிழ் விளக்கின் கீழ், அல்லது விறாந்தையில் சாய்ந்து விழும் காலை வெயிலில், காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். அடித்தபோது வந்த மினுக்கம் மிச்சமிருந்தால் வண்டிச் சக்கரத்து ஆரக்கால்போல ஒளி சுழலும். மழுங்கின மேட்டின் மேலாலும் அந்த ஒளி தடங்கலின்றி ஓடினால் அச்சுக் குறை. மேட்டில் மட்டும் ஒளி செத்து, சாம்பல் பூத்திருந்தால் தேய்மானம். ரியூப் லைற்றின் கீழ் இது தெரியவே தெரியாது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று போதும்; அதைவிட வலுவானதை எடுத்தால் எல்லாக் காசும் கேடாகத்தான் தெரியும்.

மூன்றாவது பாடம் மண்ணிலிருந்து வந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது மாமி தன்னிடமிருந்த ரூபாய்களைப் பால்மா ரின்னில் போட்டுக் கிணற்றடியில் தாட்டுவிட்டுத்தான் தென்மராட்சிக்குப் போனார். அடுத்த வருடம் திரும்பி வந்து தோண்டியபோது ரின் இற்றுப் போயிருந்தது. காசுகளில் யானை, முத்து எல்லாம் கூர்மையாகவே இருந்தன. ஆனால் மேற்பரப்பு முழுக்க அரிசிக் குருணை போலச் சொரசொரப்பு. தேய்மானத்தால் தரம் போடுவதென்றால் 'வெரி ஃபைன்'. அரிப்பைத் தனியாக எழுத வேண்டும்: 'விவரம் வெரி ஃபைன், மேற்பரப்பு அரித்தது.' இரண்டையும் கலந்து ஒரு தரமாகச் சொல்வது வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நியாயமில்லை. பிள்ளையின் அரைஞாணில் கோர்க்க வளையம் ஒட்டி, பிறகு கழற்றின காசுக்கும் இதே முறைதான். உச்சி விளிம்பை நகத்தால் தடவினால் ஒட்டுப் பொடியோ அரத்தின் தடமோ அகப்படும்.

நிறத்தை நம்பவேண்டாம். இலங்கை 50 சதத்தில் முன்பு நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1919இலிருந்து 55 பங்கு. பிந்தியது மங்கித் தெரிந்தால் அது கலப்பின் குணம். எடையையும் ஆண்டு பார்க்காமல் நம்பவேண்டாம். மலாயாப் பென்சன்காரர் கொண்டுவந்த ஏழாம் எட்வேட் டொலர் 1903இல் ஏறக்குறைய 27 கிராம், 1907இல் 20 கிராம். தேய்ந்து இளைத்ததென்று யாரும் சொன்னால் சிரித்துவிட்டு ஆண்டைக் காட்டுங்கள்.

என் இறைசாலை இப்போது ஒரு கடதாசி உறையில் வைத்திருக்கிறேன். சேகரிப்பாளர் ஒருவர் கேட்டபோது, வாய்க்குள் வந்த 'வெரி ஃபைன்'ஐ விழுங்கிவிட்டு, உறையில் எழுதியிருந்ததையே வாசித்துக் காட்டினேன்: '1821. ஃபைன். மினுக்கியது.' அவர் வாங்கவில்லை.