முகமாலை மண்

மட்டாஞ்சேரியில் நாம் ஆடும் பந்து வேலிக்கு அப்பால் விழுந்தால் ஓடிச்சென்று எடுப்போம். இலங்கையின் முகமாலைச் சிறுவர்க்கு அது இயலாதிருந்தது.

யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வாயிலில் உள்ள அவ்வூர் பல்லாண்டுகள் போர்முனையாக இருந்தது. 2009ஆம் ஆண்டு போர் ஓய்ந்தது. புதைத்த மிதிவெடிகளுக்கோ அது தெரியாது! அவை மண்ணுள் அப்படியே கிடந்தன.

அவற்றை அகற்றுவோருள் பெண்கள் பலர்; போரில் கணவரை இழந்தோரும் உளர். காப்புடையும் முகக்காப்பும் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணைச் சிறிது சிறிதாக விலக்குவர். நாள் முழுதும் உழைத்தாலும் ஒருவர் ஆய்ந்து முடிப்பது சில சதுர மீட்டர் நிலமே. எச்சரிக்கைப் பலகை நீங்கிய பின்னரே உரியோர் திரும்பி வந்து தென்னை நடுகின்றனர்.

பொருள் அறிக: மிதிவெடி – மண்ணில் புதைக்கப்பட்டு, மிதித்தால் வெடிப்பது.

வினா: போர் ஓய்ந்தும் முகமாலை மக்கள் உடனே ஊர் திரும்ப இயலாதது ஏன்?