ஏ.டி.எச்.டி. – தெரிந்துகொள்வோம்



வாலு, காலில் சக்கரம் கட்டினவன், சொன்னா கேக்காதது. இந்தப் பட்டமெல்லாம் வாங்காத பிள்ளை நம்ம ஊரில் குறைவு. அப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் இருப்பது ஏ.டி.எச்.டி. தமிழில் 'கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு' என்கிறார்கள். என் மாமா பையனுக்கு இது இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அவன் வேறு ஊரில் படிக்கிறான், பெயர் வேண்டாம்.

லீவுக்கு இங்கே வந்தால் தூண்டில் போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவான். கணக்கு நோட்டைத் திறந்தால் ஐந்து நிமிஷம் தாங்காது. "அப்ப வேணும்னுதானே பண்றான்?" என்று எல்லோரும் கேட்பது இதனால்தான். பிடித்த வேலையில் கவனம் தானாக ஒட்டிக்கொள்ளும். பிடிக்காத வேலைக்கு அதை இழுத்து வந்து நிறுத்த வேண்டும். அந்த வேலையை முக்கியமாகச் செய்வது மூளையின் முன்பகுதி. 2007-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஸ்கேன் ஆய்வில், மூளையின் மேற்புறணியில் பாதி இடங்கள் முழுத் தடிமனை அடைய மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை வயதும், இவர்களுக்குப் பத்தரை வயதும் ஆனது. முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். இதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கோயம்புத்தூரில் 6 முதல் 11 வயதுள்ள 770 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வந்தது. அதில் 11.32 சதவீதம் பேருக்கு இது இருந்தது. 40 பேர் வகுப்பில் நாலைந்து பேர்! (உலக அளவில் சுமார் 5 சதவீதம் என்கிறார்கள். அளக்கும் முறைக்குத் தகுந்த மாதிரி எண்ணிக்கை மாறும்.) மூன்றில் இரண்டு பங்கு ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகளில் பலர் ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்தபடி கனவில் இருப்பார்கள். தொந்தரவு செய்யாததால் அவர்களை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு இதுதான் அதிக வருத்தம்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கும்? கூட்டல் குறியைக் கழித்தல் என்று பார்ப்பான். சார் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்துவான். மாதம் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் தொலையும். 'சோம்பேறி', 'அக்கறை இல்லை' என்று கேட்டுக் கேட்டு, ஏழாவது வருவதற்குள் "நான் மக்குதான் அக்கா" என்று அவனே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

விளையாட்டிலும் அப்படித்தான். கபடியில் தன் முறை வருமுன்னே ரெய்டு போவான். "அவன சேர்க்காதீங்கடா" என்பார்கள். மார்க்கைவிட இதற்குத்தான் அவன் அதிகம் அழுதிருக்கிறான்.

வீட்டில் பழி முழுக்க அத்தைக்கு. "வளர்ப்பு சரியில்ல" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. தாயத்து கட்டினார்கள், மந்திரித்தார்கள். மாமாவுக்கும் அத்தைக்கும் தினமும் சண்டை. ஹோம்வொர்க் முடிய ராத்திரி பத்து மணி ஆகும். அவன் தங்கச்சி, "எனக்கு ஜுரம் வந்தாத்தான் அம்மா பக்கத்துல உட்காருவாங்க" என்றாள். இத்தனைக்கும் இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வளர்ப்பால் வருவதில்லை.

நம்ம ஒகேனக்கல்லில் இன்னொரு பயமும் உண்டு. யோசிக்கும் முன்னே செய்துவிடுவது இந்தக் குறைபாட்டின் ஒரு பகுதி. அதனால் இவர்களுக்கு விபத்துகள் அதிகம். இங்கே தெருவை விட்டு இறங்கினால் காவிரி, பாசி பிடித்த பாறை. கர்நாடகாவில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளைத் திறந்தால் வெள்ளம் வந்துவிடும். பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடுவார்கள். "ஆத்துக்குப் போகாதே" என்று காலையில் சொன்னது அவனுக்குப் புரியும். தண்ணீரைப் பார்த்த நொடியில் கால் முந்திக்கொள்ளும். ஆகவே அவன் வந்தால், கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் கூடவே இருப்பது எங்கள் வீட்டு விதி.

குறும்பு செய்கிற எல்லோருக்கும் இது இருப்பதாக நினைக்கக் கூடாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். சிலருக்கு மாத்திரை தருவார்கள், சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி.

வகுப்பில் செய்யக்கூடியவை சுலபம். ஜன்னல் பக்கம் வேண்டாம், முதல் பெஞ்சில் உட்கார வைக்கலாம். பத்துக் கணக்கை மொத்தமாகத் தராமல் இரண்டிரண்டாகத் தரலாம். சாக்பீஸ் எடுத்துவர அனுப்பினால் கால் ஆறும். பி.டி. பீரியடைப் பிடுங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அடிக்கவும், மனம் நோகப் பேசவும் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016 சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம்ம ஸ்கூலுக்கு வண்டியில் வந்து கண், பல், எடை பார்க்கும் டாக்டர் குழு இருக்கிறதே, 2013-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. அவர்கள் வரும் நாளில் வகுப்பு ஆசிரியரிடமோ அவர்களிடமோ சொன்னால், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதித் தருவார்கள். செலவு கிடையாது. வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.