தொட்டியும் வயிறும்: சுங்கை செம்பிலாங்கிலிருந்து வடக்கே புறப்படுகிறவர்களுக்கு

சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துக் குடும்பங்கள் வடக்கே நெடும்பயணம் போவது பெரும்பாலும் கோயில் காரியமாகத்தான். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை அல்லது ஈப்போ கல்லுமலை, சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில். அந்தக் காரில் பாட்டி இருப்பார், கைக்குழந்தை இருக்கும், விரதக்காரர் ஒருவராவது இருப்பார், இனிப்புநீருக்கு ஊசி போடுகிறவரும் இருப்பார். ஓட்டுகிறவர் பசி பொறுப்பார். இவர்களால் முடியாது. அதனால் எங்கே சாப்பிடுவது, எங்கே எண்ணெய் போடுவது என்ற இரண்டையும் டோல் தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள்.

முதலில் எந்தச் சாலை என்று தீர்மானியுங்கள்

நமக்கு இரண்டு வழி. ஒன்று, ஈஜோக் பக்கம் லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறி, ரவாங் அருகே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையைப் பிடிப்பது. 2011இல் லாத்தார் திறந்த பிறகு நம் பக்கத்து ஆட்களுக்குச் சுங்கை பூலோ வரை இறங்கிப் போய் ஏறும் அவசியம் இல்லாமல் போனது. ஆனால் இந்த வழியில் போனால் சுங்கை பூலோவின் புகழ்பெற்ற மேம்பால உணவகம் பின்னால் தங்கிவிடும். அதை நம்பிக் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, கோல சிலாங்கூரிலிருந்து கூட்டரசு 5ஆம் சாலையிலேயே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் என்று கடலோரமாகப் போய், ஊத்தான் மெலிந்தாங் தாண்டி மேற்குக் கரையோர நெடுஞ்சாலையில் ஏறுவது. தெலுக் இந்தானுக்கும் சித்தியவானுக்கும் போகிறவர்களுக்கு இதுதான் நேர்வழி. தைப்பிங், பினாங்கு போகிறவர்களும் நெரிசல் நாளில் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எந்த வழியானாலும் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா சாலையில் செம்பனைக் குலை லாரிகளுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிவையுங்கள். மலாயாவில் வணிகத்துக்கென்று முதன்முதலாகச் செம்பனை நட்டது 1917இல், இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். நூறாண்டு தாண்டியும் குலை லாரி இங்கே ஓய்ந்தபாடில்லை. ஏழரை மணி ஊசிக்கு எட்டு மணிக்குச் சாப்பிட்டாக வேண்டியவர் காரில் இருந்தால் இந்தத் தாமதம் பெரிய விஷயம்.

எண்ணெயை ஊரிலேயே போடுங்கள்

புறப்படும் காலையில் அல்ல, முந்தின இரவே. கோல சிலாங்கூர், அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான் பக்கம் நிலையங்களுக்குக் குறைவில்லை, இரவு ஒன்பதுக்கு மேல் வரிசையும் இருக்காது. பண்டிகைக்கு முந்தின நாள் நெடுஞ்சாலை நிலையங்களில் பம்புக்குக் காத்திருக்கும் கார்கள் ஓய்வுத்தள வாசல்வரை நிற்கும். அங்கே அரை மணி நேரம் போனால் சாப்பாட்டு நேரமும் அதோடு போகும்.

புடி95 பெட்ரோல் மானியத் திட்டம் 2025 செப்டம்பர் 30இல் தொடங்கியபோது, குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரை என்று வைத்தார்கள். இந்த எண்கள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் வாரத்து விலையையும் உங்கள் மீதி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமானது வேறு: அந்தச் சலுகை காருக்கு அல்ல, ஆளுக்கு. அண்ணன் காரை நீங்கள் ஓட்டினாலும் உங்கள் மைகாட்டைக் காட்டினால் உங்கள் கணக்கில் கழியும். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். மைகாட்டை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அதற்கென்று பதிவு செய்த கைப்பேசிச் செயலியும் இல்லை என்றால் முழு விலைதான். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் தம் காரில் பின்தொடர்ந்தால், வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கு ரோன் 95 விற்கவே கூடாது, அவருக்கு ரோன் 97தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டீசல் வேன் வாடகைக்கு எடுப்பவர்கள் எண்ணெய்ச் செலவு யாருடையது என்பதைப் பேசி முடித்துவிட்டே ஏறவேண்டும். 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசலின் பொது மானியம் எடுக்கப்பட்ட பிறகு வாடகைக் கணக்கில் அது பெரிய தொகை.

வங்கி அட்டையைப் பம்பிலேயே செருகினால், நீங்கள் 50 வெள்ளிக்குப் போட்டாலும் வழக்கமாக 200 வெள்ளி தற்காலிகமாகப் பிடித்துவைக்கப்படும், திரும்பி வர நாளாகலாம். கணக்கில் பயணக்காசு மட்டும் இருப்பவர்கள் கவுண்டரில் போய், "மூன்றாம் பம்ப், 50 வெள்ளி" என்று சொல்லிக் கட்டுவதே நல்லது.

பாதித் தொட்டி இறங்கியதும் அடுத்த நிலையத்தில் நிரப்புங்கள். கால் தொட்டிவரை பார்க்கலாம் என்பது ஊருக்குள் ஓட்டும் பழக்கம். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப் பக்கம் ஏற்றத்தில், ஆள் நிறைந்த வண்டி குளிர்சாதனத்தோடு நெரிசலில் நகரும்போது முள் வேகமாக இறங்கும். கப்சாயில் போகிற இளைஞர்களுக்கு டோல் இல்லை என்பது லாபம்தான். ஆனால் நான்கு லிட்டர் வாக்கில் கொள்ளும் தொட்டியோடு ஒரு பெரிய ஓய்வுத்தளத்தையும் எண்ணெய் போடாமல் கடக்க வேண்டாம்.

டச் அண்ட் கோ அட்டையில் போகவும் வரவும் போதுமான காசு ஏற்றிக்கொள்ளுங்கள். டோல் சாவடியில் ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

கட்டுச்சோறு: இதை விடாதீர்கள்

முதல் வேளைச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். காசு மிச்சம் என்பதற்காக அல்ல. விரதக்காரருக்கும் ஊசி போடுகிறவருக்கும் உறுதியான ஒரு வேளை கையில் இருந்தால், மீதி வழியெல்லாம் நிதானமாகத் தேடலாம்.

எல்லாச் சோறும் காரில் தாங்காது. முதலில் கெடுவது தேங்காய்ச் சட்னி, அதை எடுக்கவே வேண்டாம். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அடுக்குங்கள். புளிச்சோறு செய்தால், சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஆவி முற்றும் போன பிறகே புளிக்காய்ச்சலைக் கிளறுங்கள். சூடாகப் பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்த்து, பத்து மணிக்கெல்லாம் நசநசத்துவிடும். வாழையிலையைத் தணலில் இரண்டு பக்கமும் காட்டி வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. தயிர்சோறு வேண்டுமென்றால் குழைந்த சோற்றில் ஆறிய பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். வழியில் அது உறைந்து, மதியத்துக்குப் புளிக்காமல் இருக்கும்.

இதைப் பிரித்துச் சாப்பிடப் பெரிய ஓய்வுத்தளம் தேவையில்லை. 'ஹெந்தியான் செபெலா' என்று பலகை வைத்த சிறு நிறுத்தங்களில் கழிப்பறையும் மேசையும் இருக்கும், கூட்டம் குறைவு. அங்கே எண்ணெய் நிலையத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஓய்வுத்தளங்களில் சைவம் கேட்பது எப்படி

வடக்கே போகையில் பெரிய ஆர் அண்ட் ஆர் வரிசை இது: ஊலு பெர்னாம், தாப்பா, சிம்பாங் பூலாய், சுங்கை பேராக், குனோங் செமாங்கோல். லாத்தாரில் ஏறியவர்களுக்கு ஊலு பெர்னாம் நெரிசலில்லாத நாளில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதைக் கடந்தால் அடுத்த பெரிய இடம் தாப்பா. வடக்கு நோக்கிப் போகிறவர்களுக்கும் தெற்கு நோக்கி வருகிறவர்களுக்கும் தனித்தனித் தளங்கள். எதிர்ப்பக்கத்தில் நல்ல கடை இருக்கிறதென்று யாராவது சொன்னால் அது திரும்பி வரும்போதுதான் உதவும்.

கடைகள் பெரும்பாலும் மலாய்ச் சாப்பாடு. பார்வைக்குச் சைவமாகத் தெரிவதெல்லாம் சைவம் அல்ல, இங்கேதான் விரதக்காரர்கள் தவறிவிடுகிறார்கள். நாசி லெமாக் சம்பாலில் நெத்திலியும் பெலாச்சானும் இருக்கும். கங்கோங் கீரையிலும் தேங்காய்ப்பால் விட்ட காய்கறியிலும் காய்ந்த இறால் இடித்துப் போட்டிருப்பார்கள். பொரித்த தௌஃபு, கோழி பொரித்த அதே எண்ணெயில் வெந்திருக்கலாம். ரொட்டி சானாய் மாவில் சிலர் முட்டை சேர்ப்பதுண்டு. "இறைச்சி இல்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், அவர் சொல்வது உண்மையும்கூட. ஆகவே பெயர் சொல்லிக் கேளுங்கள்: நெத்திலி இருக்கிறதா, இறால் இருக்கிறதா, பெலாச்சான் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா.

மாமாக் கடையில் தமிழ் பேசுகிறவர் நின்றால் இன்னும் எளிது. "அண்ணே, விரதம். பருப்பு மட்டும் தனியா ஊத்துங்க, மீன் கறி கரண்டி வேணாம்" என்று சொன்னால் பெரும்பாலும் புதுக் கரண்டி எடுத்து ஊற்றுவார்கள். சொல்லாவிட்டால் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவதுதான் கடை வழக்கம்.

கேட்டும் மனம் ஒப்பவில்லை என்றால் வெள்ளைச் சோறு வாங்கி வீட்டுப் பொடியோடு சாப்பிடுங்கள். பழக்கடைகளில் கொய்யா, பப்பாளி, தர்பூசணி வெட்டி விற்பார்கள். அவித்த சோளமும் கிடைக்கும், வெண்ணெய் தடவாமல் கேட்டு வாங்கலாம். இனிப்புநீர்க்காரர்கள் தே தாரிக் சொல்லும்போது கெட்டிப்பால் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நீண்ட வழியில் களைப்புக்கு இரண்டு குவளை தே தாரிக் குடித்தால், அதில் ஏறும் சர்க்கரை ஒரு வேளைச் சோற்றோடு போட்டிபோடும்.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். ரமலான் மாதப் பகலில் திறந்திருக்கும் கடைகளே குறைவு. இப்போதைய ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி வருவதால், மாசி மகப் பயணம் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக் கட்டுச்சோற்றை இரு வேளைக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

டோலை விட்டு இறங்கத் தயங்காதீர்கள்

நெடுஞ்சாலையில் ஏறினால் போய்ச்சேரும் வரை இறங்கக் கூடாது என்ற எண்ணம் நம்மவர்களிடம் பலமாக இருக்கிறது. இறங்கினால் இரட்டைக் கட்டணம் என்று நினைக்கிறார்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் இந்தப் பகுதியில் போன தூரத்துக்குத்தான் டோல். பீடோரில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறினால், மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது. பண்டிகை நாளில் தாப்பா ஓய்வுத்தளத்தில் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றும் நேரத்தில், பீடோர் அல்லது தாப்பா பட்டணத்துக்குள் போய் மேசையில் உட்கார்ந்துவிடலாம்.

சுங்காய், பீடோர், தாப்பா மூன்றும் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்கள். தமிழர் சாப்பாட்டுக் கடை தேடுவதற்கு அங்கே கோயில் இருக்கும் தெருவையும் பேருந்து நிலையத்தையும் முதலில் பாருங்கள். பூக்கடையில் கேட்டால் சரியான கடைக்குக் கைகாட்டுவார்கள், விரதம் என்று சொன்னால் எந்தக் கடையில் சட்டி தனி என்றும் சொல்வார்கள். ஈப்போவரை தாங்கும் என்றால் லாஹாட் சாலைப் பக்கம் லிட்டில் இந்தியாவுக்குப் போங்கள். வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பதினொன்றரையிலிருந்து இரண்டு மணிக்குள் போவது உத்தமம். அதற்குப் பிறகு பொரியலும் ரசமும் மிஞ்சுவது சந்தேகம். சீனர் சைவக் கடைகளும் இந்த ஊர்களில் உண்டு. பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள், கடும் விரதக்காரருக்கு ஏற்றது. முட்டை பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை வந்த பிறகு இந்தச் சிற்றூர்க் கடைகள் பல வாடிக்கையாளரை இழந்தன. அம்மாவும் மகளும் அதிகாலையில் மாவு கரைத்து நடத்தும் கடையில் நாம் கொடுக்கும் 40 வெள்ளி அந்தக் கடையை நிற்க வைக்கும் காசு. இறங்கிச் சாப்பிடச் சொல்வதற்கு எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கடலோர வழியில் போனால்

ஊத்தான் மெலிந்தாங் வரை பட்டணம் பட்டணமாகத்தான் போவீர்கள் என்பதால் சாப்பாட்டுக்கும் எண்ணெய்க்கும் பஞ்சமில்லை. மேற்குக் கரையோர நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு நிறுத்தங்கள் வடக்கு-தெற்கில்போல அடுத்தடுத்து வராது. சபாக் பெர்ணமிலேயே தொட்டியை மறுபடி நிரப்பிவிடுங்கள். சாப்பாட்டுக்குத் தெலுக் இந்தான் நல்ல இடம், தமிழர் கடைகளும் இந்திய முஸ்லிம் கடைகளும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. சித்ரா பௌர்ணமி அன்று கோயில் அன்னதானம் இருக்கும். முதியவர்களை வரிசையில் நிறுத்தாமல், தொண்டர்களிடம் சொன்னால் உட்கார வைத்துப் பரிமாறுவார்கள்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் எண்ணெய் தீர்ந்தோ வண்டி நின்றோ போனால் இடப்பக்க அவசர ஓரத்தில் நிறுத்தி, எல்லாரையும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் இறக்கிவிட்டு 1800-88-0000 பிளஸ்லைன் எண்ணை அழையுங்கள். ஆபத்து என்றால் 999. அழைக்கும்போது பக்கத்துக் கிலோமீட்டர்ப் பலகையில் உள்ள எண்ணையும் வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்பதையும் சொன்னால்தான் சரியான பக்கத்துக்கு ஆள் வரும். திரும்பி வரும் இரவுக்கும் இதே கணக்குதான். கோயில் ஊரை விட்டுப் புறப்படுமுன் அங்கேயே எண்ணெய் போட்டு, ஓட்டுகிறவருக்கு இட்லியோ தோசையோ வாங்கிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள். நள்ளிரவு தாண்டினால் ஓய்வுத்தளத்தில் பல கடைகள் விளக்கை அணைத்திருக்கும்.