தாடை மூட்டுப் பரிசோதனைக்குப் போகும்முன்

கடந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் எனக்கு இடது காதில் வலி. காலையில் எழும்போதே இருக்கும். மூன்றாம் பாடவேளை முடிவதற்குள் நெற்றிப்பொட்டு வரை ஏறிவிடும். மருந்துக் கடையில் நானே கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மூன்று வாரம் விட்டுக்கொண்டேன். அறிவியல் நடத்துகிற ஆள் செய்கிற வேலையா இது என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது நல்லா இருக்கு டீச்சர். வாயைத் திறந்து மூடுங்க" என்றார். 'டக்' என்று ஒரு சத்தம். எனக்குப் பழகிப்போன சத்தம்தான். காது வலியை அந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்.

இரண்டு சுட்டுவிரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் உருண்டு முன்னால் நகரும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. கீல் மூட்டுக்கு முழங்கையை எடுத்துக்காட்டாகச் சொல்லித் தருகிறோம். தாடை மூட்டு கீல் போலச் சுழலவும் செய்யும், முன்னோக்கி வழுக்கவும் செய்யும். எலும்புகளுக்கு இடையே மெத்தை போல ஒரு மெல்லிய வட்டு இருக்கிறது. இடம் பிசகிய வட்டு, வாய் திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்பும் சத்தம்தான் பெரும்பாலும் அந்த 'டக்'. மூட்டு காதுக் குழாயை ஒட்டியே இருக்கிறது. ஒரே நரம்பின் கிளை இரண்டுக்கும் போகிறது. அதனால்தான் தாடை வலி காது வலியாகத் தெரிகிறது.

முதலில் அனுப்புவது வாய் மருத்துவம் மற்றும் கதிரியக்கப் பிரிவுக்கு. பெயரைப் பார்த்ததும் ஏதோ பெரிய இயந்திரத்துக்குள் படுக்க வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நடந்தது வேறு. மருத்துவர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எப்போதிலிருந்து வலி? கடந்த 30 நாட்களில் எத்தனை நாள்? மெல்லும்போது, கொட்டாவி விடும்போது, பேசும்போது கூடுகிறதா? வாய் எப்போதாவது திறந்தபடியோ மூடியபடியோ பூட்டிக்கொண்டதா? எல்லாவற்றுக்கும் என் பதில் "கொஞ்ச நாளா", "சில சமயம்". வினாத்தாளில் இப்படி எழுதினால் நான் பாதி மதிப்பெண்கூடத் தரமாட்டேன். அவர் ஒரு தாளைக் கொடுத்து, "வெளியே உட்கார்ந்து எழுதிக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஆகவே போகிறவர்கள் ஒரு வாரம் குறித்துவைத்துக்கொண்டு போங்கள்: வலி வந்த நேரம், அதற்கு முன் என்ன செய்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், முகத்தில் எப்போதாவது அடிபட்டதுண்டா. வீட்டாரிடமும் கேளுங்கள். நான் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதை என் கணவர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியாது. பாக்கு, புகையிலைப் பழக்கத்தையும் கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பாக்கு மென்று வாயின் உட்தோல் இறுகிப்போனாலும் வாய் திறக்காது. அது மூட்டு நோயே அல்ல, புற்றுநோயாக மாறக்கூடியது. கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்தாலும் வாய் இறுகும். அதையெல்லாம் பிரித்துப் பார்க்கத்தான் அந்தக் கேள்விகள். இன்னொன்று: நடந்தாலோ மாடி ஏறினாலோ தாடை வலித்து, நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் அது இதய வலியாக இருக்கலாம். பல் மருத்துவரைத் தேடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பிறகு ஒரு சிறிய அளவுகோல் வந்தது. மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே மூன்று முறை அளந்தார்: வலிக்காத வரை, வலித்தாலும் முடிந்த வரை, பிறகு அவர் விரலால் மெல்ல விரித்து. பெரியவர்களுக்கு 40 மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்தால் பொதுவாகப் போதும். எனக்கு வலியில்லாமல் 34, வலியோடு 43. திறக்கும்போது தாடை ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்று எதிரே நின்று பார்த்தார். கன்னத்தின் உட்பக்கம் பல் பதிந்த கோட்டையும், தேய்ந்த பல் முனைகளையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

அடுத்து கன்னம், நெற்றிப்பொட்டு, மூட்டு என்று விரலால் அழுத்தினார். என் கருத்தில் இதுதான் பரிசோதனையின் உயிர். எங்கே தொட்டாலும் "வலிக்குது" என்றேன். "அழுத்தினா யாருக்கும்தான் வலிக்கும். இது நீங்க தினமும் படுற அதே வலியா?" என்று கேட்டார். கன்னத் தசையில் ஓர் இடத்தில் அழுத்தியபோது அதே வலி காது வரை ஓடியது. மூட்டில் அது வரவில்லை. தேடி வந்தது கிடைத்துவிட்டது: எனக்குத் தசை வலி, சத்தம் தனி விஷயம். வலியோ பூட்டிக்கொள்வதோ இல்லாத வெறும் 'டக்' பலருக்கும் உண்டு, அதற்குச் சிகிச்சை தேவையில்லை என்றார்.

எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாமா என்று நானே கேட்டேன். வட்டின் நிலை தெரிந்தால்தான் சிகிச்சையை முடிவு செய்ய முடியும் என்றால் மட்டும் அது, எலும்பில் சந்தேகம் என்றால் சி.பி.சி.டி., எனக்கு ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்று போதும் என்றார். மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், சில நாள் மாத்திரை, இரவில் பல் உறை. பகலில் உதடு சேர்ந்திருக்கலாம், பற்கள் தொடக்கூடாது. முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு விடைத்தாள் திருத்தக் கூடாது. (கடைசிதான் கடினம்.) முதல் சந்திப்பிலேயே பல்லை ராவ வேண்டும், அறுவை செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள் என்றார்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "டீச்சர், உங்க பள்ளியில் பிள்ளைங்க முகவாய் அடிபட விழுந்தா என்ன செய்வீங்க?" தையல் போட அனுப்புவோம் என்றேன். முகவாயில் விழுந்த அடி இரண்டு மூட்டுக்கும் ஏறும்; காயம் ஆறிவிடும், உள்ளே மூட்டின் தலை உடைந்தது யாருக்கும் தெரியாது; மாதங்கள் போகப்போக எலும்போடு எலும்பு ஒட்டி வாய் திறப்பு குறையும், தாடை வளர்ச்சியும் நின்றுபோகும் என்றார். விழுந்த அன்றே எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் பயிற்சியிலேயே சரிசெய்துவிடலாமாம். பள்ளியில் பார்க்க ஒரு வழியும் சொன்னார்: பிள்ளையின் சொந்த விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே வைக்கச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ஏழாம் வகுப்பில் எல்லோரையும் வைக்கச் சொன்னேன். சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. முகவாயில் தழும்புள்ள ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு ஒரு விரல்தான் போனது. மதிய உணவில் எப்போதும் கடைசியாக எழுபவன் அவன். வாய்க்குள்ளேயே படிக்கிறான் என்று நான் பலமுறை கடிந்திருக்கிறேன். நான்காம் வகுப்பில் திண்ணையிலிருந்து விழுந்தானாம்.

அவன் அப்பாவை அழைத்துப் பேசி, நானும் உடன் போனேன். கோடை விடுமுறையில் அறுவை நடந்தது. இப்போது தினமும் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைத்துப் பயிற்சி செய்ய வேண்டும்; விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வலிக்கிறது என்று வீட்டில் ஏமாற்றுகிறான் என்பதால் காலை வழிபாட்டுக்கு முன் என் மேசையருகே நின்று செய்கிறான். ஜூனில் 9 குச்சி. நேற்று 14.