வீட்டில் ஒரு புதுப் பல் டாக்டர்: பிடோக்கிலிருந்து சில குறிப்புகள்

பல் மருத்துவம் முடித்த பிள்ளை முதல் வேலைக்குப் போகும்போது வீட்டில் எல்லாரும் விசாரிப்பது சம்பளத்தையும் வேலை நேரத்தையும்தான். முதல் வருடத்தில் அந்தப் பிள்ளையை வாட்டுவது தனிமை. பெரிய மருத்துவமனை வார்டில் ஒரு சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்கப் பக்கத்திலேயே நான்கு பேர் இருப்பார்கள். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பல் மருந்தகத்தில் ஒரு மூடிய அறை, வாயைத் திறந்து படுத்திருக்கும் ஒருவர், ஓர் உதவியாளர், அவ்வளவுதான். பல்லைப் பிடுங்கும்போது வேர் பாதியில் முறிந்தால் யாரைக் கேட்பது? புதியவர்களுக்கும் அவர்களோடு ஒரே கூரைக்குக் கீழ் இருப்பவர்களுக்குமாக இந்தக் குறிப்புகள்.

1. வேலையில் சேருமுன் மூன்று பேரின் எண்களைக் கைப்பேசியில் மேலே வந்து நிற்கும்படி சேமியுங்கள்: அதே மருந்தகத்தின் மூத்தவர் ஒருவர், கூடப் படித்தவர் ஒருவர், வாய் அறுவைச் சிகிச்சையிலோ வேர் சிகிச்சையிலோ நிபுணர் ஒருவர். எண் இருந்தால் போதாது, அனுமதியும் வேண்டும். “டாக்டர், நோயாளி நாற்காலியில இருக்கும்போதே உங்களைக் கூப்பிடலாமா, இல்ல மெசேஜ் மட்டும் போடவா?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். “எப்ப வேணும்னாலும் கூப்பிடு” என்று சொல்பவரைவிட, “சனிக்கிழமை வேணாம், மத்த நாள் பகல் ஒரு மணிக்கு மேல கூப்பிடு” என்று சொல்பவர்தான் போனை எடுப்பார்.

2. தீவில் பல் மருத்துவப் பட்டம் தருவது சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் ஒன்றே. அதன் பல் மருத்துவத் துறை 1929இல் ஏழாம் எட்வர்ட் அரசர் மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. ஒரே கல்லூரி, சிறிய வகுப்புகள் என்பதால் அங்கே படித்தவர்கள் வாட்ஸ்அப் குழுவோடுதான் வெளியே வருகிறார்கள். லண்டனிலோ மெல்பர்னிலோ நியூசிலாந்தின் டனீடனிலோ படித்துத் திரும்பும் பிள்ளைக்கு அந்தக் குழு இல்லை. அந்தப் பிள்ளை தானாகவே போய்ச் சேரவேண்டிய இடம் சிங்கப்பூர்ப் பல் மருத்துவச் சங்கம். 1967இல் தொடங்கிய சங்கம் அது. ஆண்டுச் சந்தாவைப் பார்த்துத் தயங்கவேண்டாம், சொற்பொழிவுக்குப் போனால் பக்கத்து நாற்காலிக்காரரின் அறிமுகமும் கிடைக்கும். ஈராண்டுக்கு ஒருமுறை இங்கே நடக்கும் ஐடெம் பல் மருத்துவக் கண்காட்சிக்கும் போய்வரலாம். கருவி விற்பவர்களின் இலவசப் பைகளுக்காக அல்ல, ஆட்களுக்காக.

3. தமிழ்நாட்டில் பட்டம் பெற்று இங்கே வர நினைக்கும் மருமகளோ தம்பியோ இருந்தால், குழுவில் யாரோ “எனக்குக் கெடச்சுது, உனக்கும் கெடைக்கும்” என்று சொன்னதை நம்பி விமானச் சீட்டு வாங்கவிடாதீர்கள். எந்தெந்தக் கல்லூரியின் பட்டம் செல்லும் என்ற பட்டியல் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்திடம் இருக்கிறது. பட்டியலில் கல்லூரியின் பெயர் இல்லையென்றால் தகுதித் தேர்வு உண்டு. விதிகள் மாறுகின்றன, பழைய மெசேஜ்கள் அப்படியே கிடக்கின்றன. மன்றத்தின் இணையத்தளத்தைப் பார்ப்பதே வழி.

4. குழுவில் எக்ஸ்-ரே போடுவது பற்றி. எல்லாரும் செய்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் தவறாகச் செய்கிறார்கள். முழுத் தாடையையும் காட்டும் பெரிய எக்ஸ்-ரேயின் ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நோயாளியின் பெயர், பிறந்த தேதி, பல நேரம் அடையாள அட்டை எண்ணும் அச்சாகியிருக்கும். கணினித் திரையைக் கைப்பேசியால் படமெடுத்து அனுப்பினால் அத்தனையும் கூடவே போகும். விரலால் கறுப்பு மை பூசி மறைப்பதும் அரைகுறைதான். சில கைப்பேசிகளில் அந்தப் பூச்சு பாதி ஒளி ஊடுருவும், வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். சந்தேகமுள்ள பல்லை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புங்கள். நோயாளியிடம் வாய்விட்டு அனுமதி கேட்டு, கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது, நோயாளியின் ரகசியம் காப்பது அதற்கும் வெகுகாலம் முந்திய கடமை. இன்னொன்று, பிடோக் சின்ன ஊர். “புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடை வச்சிருக்கும் அங்கிள், முன்பல் ரெண்டும் போச்சு” என்று எழுதினால் பெயரே தேவையில்லை.

5. வெளிநாட்டுக் குழுக்களில் பல்லின் எண்ணைக் கவனியுங்கள். நாம் இங்கே பயன்படுத்தும் உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் முறையில் 14 என்றால் மேல் வரிசையில் வலப்பக்க முதல் சிறு கடைவாய்ப் பல். அமெரிக்க முறையில் 14 என்றால் மேல் வரிசையில் இடப்பக்க முதல் பெரிய கடைவாய்ப் பல், அதாவது நம் 26. பக்கமும் மாறிவிடும், பல்லும் மாறிவிடும். ஹாவர்ட் ஃபரான் 1999இல் தொடங்கிய டென்டல்டவுன் போன்ற அமெரிக்கத் தளங்களில் கேள்வி கேட்கும்போது எண்ணோடு பல்லின் பெயரையும் எழுதுங்கள்.

மரப்பு ஊசியிலும் இதே சிக்கல்தான். “ரெண்டு கார்ட்ரிட்ஜ் போட்டேன்” என்று ஒருவர் எழுதினால் அவர் எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள். பிரிட்டனில் வழக்கமான 2.2 மில்லி குப்பியில் 2 விழுக்காட்டு லிக்னோகெயின் 44 மில்லிகிராம் இருக்கும், 1.8 மில்லி குப்பியில் 36 மில்லிகிராம்தான். வாட்டசாட்டமான பெரியவருக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல, பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பெரிது. குப்பிக் கணக்கை விடுங்கள், மில்லிகிராமில் கேளுங்கள், மில்லிகிராமில் பதில் சொல்லுங்கள். குழுவின் பதில் எதுவானாலும் ஊசியைக் கையில் எடுக்குமுன் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

6. “இது என்னன்னு சொல்லுங்க?” என்று படத்தை மட்டும் போட்டால் மூத்தவர்கள் கடந்து போய்விடுவார்கள். வயது, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, குளிர்ச்சிக்கும் தட்டலுக்கும் பல் எப்படிப் பதில் கொடுத்தது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், இதையெல்லாம் ஐந்து வரியில் எழுதி, “நான் இதுன்னு நினைக்கிறேன், இந்த இடத்தில் பயம்” என்று முடியுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்து, மெசேஜ் அனுப்பப்படாமலே அழிந்துபோகும்.

7. நள்ளிரவில் ஆளைத் தேடாமல் பார்க்கக்கூடிய மூன்று இலவச உதவிகள். அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர்கள் சங்கத்தின் கடினமதிப்பீட்டுப் படிவம்: இந்தப் பல்லை நாமே செய்யலாமா, நிபுணரிடம் அனுப்பவேண்டுமா என்று முடிவெடுக்க உதவும். ஸ்காட்லாந்தின் எஸ்டிசிஇபி அமைப்பு வெளியிடும் மருந்துக் குறிப்பேடு. மூன்றாவது, பல் அடிபடுதலுக்கான உலகச் சங்கத்தின் டூத்எஸ்ஓஎஸ் செயலி, இது பெற்றோருக்கும் உதவும். கீழே விளையாடும் பிள்ளையின் நிலைத்த பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் மெல்ல அலசி, முடிந்தால் அதே குழியில் வைத்து, முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு உடனே ஓடவேண்டும். பால்பல்லைத் திரும்ப வைக்கக்கூடாது.

8. அரசின் சாஸ் மானியக் கோரிக்கை விஷயத்தில் சக டாக்டர்களின் பேச்சை வேதவாக்காக எடுக்காதீர்கள். நீல, ஆரஞ்சு அட்டைக்காரர்களுக்கும் முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினருக்கும் பல் சிகிச்சை மானியம் உண்டு, பச்சை அட்டைக்கு இல்லை. எதற்கு எவ்வளவு, ஆண்டில் எத்தனை முறை என்பதெல்லாம் சுகாதார அமைச்சின் கையேட்டில் இருக்கிறது. “எல்லாரும் இப்படித்தான் போடறாங்க” என்ற வாசகம் எந்தக் குழுவில் வந்தாலும் அங்கே நின்று கையேட்டைத் திறங்கள். விதி மீறிக் கோரிய மருந்தகங்களை அமைச்சு திட்டத்திலிருந்து இடைநீக்கம் செய்தது உண்டு. சிகிச்சை செய்தவர் என்று கோரிக்கையில் இருப்பது உங்கள் பெயர்.

9. ஊசி குத்திவிட்டால் எங்கே போவது என்று குத்துமுன் கேட்டு வையுங்கள். பெரிய நிறுவனங்களில் இதற்கென ஏற்பாடு இருக்கும், இரண்டு நாற்காலி மருந்தகத்தில் இருக்காது. குத்திய இடத்தைப் பிழியாமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போகவேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. அவமானமென்று நினைத்து இரவெல்லாம் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் பிள்ளை வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் இருந்தால் இதையும் ஒருமுறை கேளுங்கள்.

10. வீட்டாருக்கு. “இன்னைக்கு எத்தனை பல் பிடுங்கினே?” என்று கேட்கவேண்டாம். தீபாவளிக்கு வந்த பெரியம்மா சோபாவிலேயே வாயைத் திறந்து காட்டினால், “கிளினிக்குக்கு வாங்க பெரியம்மா, லைட் அங்கதான் இருக்கு” என்று சொல்லிக்கொடுங்கள். பிள்ளை கழுத்து வலி என்று சொன்னால் தைலத்தோடு நிறுத்தாமல் நாற்காலியின் உயரத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கோணத்தையும் ஒரு மூத்தவரிடம் காட்டச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் குழுவின் மணி அடித்துக்கொண்டே இருந்தால் அதை அடக்கிவைக்கலாம், அவசரத்துக்குக் கூப்பிடுபவர் போனில்தான் கூப்பிடுவார்.

11. திரைக்கு வெளியேயும் ஆட்களைப் பாருங்கள். பிடோக் நார்த்தில் 2017இல் திறந்த ஹார்ட்பீட் கட்டடத்திலேயே நூலகமும் பலதுறை மருந்தகமும் இருக்கின்றன. தேர்வுக்குப் படிப்பவர்கள் சேர்ந்து உட்கார நல்ல இடம், பேச்சு நீண்டால் புளோக் 85 உணவங்காடிக்கு நடந்துவிடலாம். மாலை மருந்தகம் மூடியபின்பும் அங்கே கூட்டம் இருக்கும்.

என்னைக் கேட்டால் இதைவிடச் சிறந்த பள்ளி ஹெல்த்சர்வ். 2006இல் தொடங்கிய இந்த அறநிறுவனம் வெளிநாட்டு ஊழியர்களுக்குப் பல் சிகிச்சையும் தருகிறது, பல் மருத்துவர்கள் தொண்டூழியமாகப் போகிறார்கள். கூட வேலை செய்யும் மூத்தவரின் கையைப் பார்த்துக் கற்பதற்கு ஈடாக எந்தக் காணொளியும் இல்லை. புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்த ஊழியர், “கடவாய்ல குத்துது, ராத்திரி தூக்கமே இல்லைங்க” என்று தமிழில் சொன்னதும் புரிந்துகொள்ளும் டாக்டர் அங்கே பெரிய உதவி. பிடோக் நார்த் நிலையத்திலிருந்து டவுன்டவுன் பாதையில் ஏறினால் மாறாமலே லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். ஞாயிறு மாலை அங்கே தேக்காவில் இந்த ஊழியர்களோடு பேசிப் பாருங்கள், பல்வலியை எத்தனை மாதம் தள்ளிப்போடுகிறார்கள் என்று தெரியும்.

12. பிறர் போடும் பளபளப்பான ‘முன், பின்’ படங்களைப் பார்த்து மனம் சோராதீர்கள். தோற்றுப்போன வேலையை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. தவிர, அப்படிப்பட்ட படங்களும் நோயாளி நற்சான்றுகளும் விளம்பர விதிகளில் இடறும் இடங்கள். பல் மருத்துவ மன்றத்தின் 2018 நெறிமுறைக் கோவையைப் படித்துவிட்டுக் கேமராவை எடுங்கள்.

13. புகார்க் கடிதம் வந்தால் குழுவில் போட்டுப் புலம்பவேண்டாம், நோயாளிக்கும் உடனே பதில் எழுதவேண்டாம். டென்டல் புரொடெக்‌ஷன் போன்ற பாதுகாப்பு அமைப்பில் உறுப்பினராக இருந்தால் முதல் அழைப்பு அங்கே. இரண்டாவது அழைப்பு, முதல் குறிப்பில் சொன்ன மூத்தவருக்கு. தூக்கம் கெட்டு மனம் பாரமாகிவிட்டால் 1771 தேசிய மனநல உதவி எண், 2025இலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிரை விடும் எண்ணம் வந்தால் 1767, சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம். டாக்டர் என்பதால் கூப்பிடக்கூடாது என்று ஒன்றுமில்லை.

14. இது மூத்த பல் மருத்துவர்களுக்கு. பிடோக்கில் பத்து, இருபது ஆண்டாக மருந்தகம் நடத்துகிறீர்கள், அடுத்த புளோக்கில் புதுப் பெயர்ப்பலகை ஏறியிருக்கிறது. போட்டி என்று பார்க்காமல் ஒருநாள் போய், “நான் பக்கத்துலதான் இருக்கேன், ஏதாவது முறிஞ்சா கூப்பிடுங்க” என்று சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.